அரைநிமிஷத்தின் நம்பர்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. கடைத்தெருவில் எல்லோரும் அவரை அரைநிமிஷம் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பூட்டைக் காட்டினாலும், எந்தக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும், "அரை நிமிஷம் கொடுங்க" என்பார். சும்மா சொல்லக் கூடாது, அரை நிமிஷம்தான் ஆகும். திறந்த பிறகு கூலி சொல்வார் பாருங்கள், அந்தப் பேரம் முடியத்தான் அரை மணி நேரம் ஆகும்.

ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவர் கடை. உள்ளே ஓர் ஆள் நிற்கலாம். இன்னோர் ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டும். சாவி வெட்டும் மெஷின், சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடி, பத்துப் பன்னிரண்டு அரம், சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க இன்னும் பல் வெட்டாத வெறும் சாவிகள். வெளியே இரும்புக் கதவில் ஆள் உயரத்துக்கு அவருடைய போன் நம்பர். அதே நம்பர் மஞ்சள் ஸ்டிக்கரில் அச்சாகி, அவர் திறந்துவிட்ட ஒவ்வொரு வீட்டின் நிலைக்கதவிலும் மூலையில் ஒட்டியிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த நம்பர் மாறவே இல்லை. கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷன். சொத்து என்று கேட்டால் அந்த நம்பரைத்தான் சொல்வார்.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. ஒன்று, கதவைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? சொல்லுங்க, அப்புறம் திறக்கறேன்." சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை கோட்டு போட்ட ஆசாமி ஒருவன், செருப்பு அலமாரி இருக்கிறது என்றான். திறந்தால் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அரைநிமிஷம் என்ன செய்தார் தெரியுமா? திறந்த கதவை மறுபடி பூட்டிவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர் வரும்வரை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோட்டு ஆசாமி எப்போது நழுவினான் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, நம்பர் விஷயம். இரும்பு பீரோக்களில் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக ஒரு நம்பர் வெட்டியிருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது போனில் அலறினால், "பதறாதீங்க. பூட்டுல ஒரு நம்பர் இருக்கும், நாலு நாலா படிங்க" என்பார். அதை வைத்துக் கடையிலேயே சாவியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். புதுச் சாவியைக் கையில் கொடுக்கும்போது அதில் இருக்கும் நம்பரை அரத்தால் ராவிவிட்டுத்தான் கொடுப்பார். "நம்பர் ஒருத்தன் கைக்குப் போச்சுன்னா சாவியே போன மாதிரி. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க" என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் உண்டு. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் அதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், சாவி வாங்க வந்தவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் ஏமாந்தார். எப்படி ஏமாந்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது இவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முப்பத்தொரு வருஷம் ஊர் பேச்சுகளை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இணைத்துவிட்டு, அந்தச் சம்பளத்தில் தம்பியை ஆளாக்கினாள். அவருடைய முதல் அரம் அவள் வாங்கிக் கொடுத்தது. ஓய்வு பெறும்போது எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். காதுகள் இரண்டையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் இருப்பது ஐந்து மணி நேரப் பயணத்தில் வேறோர் ஊரில், இரண்டாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில். காதில் மெஷின் மாட்டியிருப்பாள். ஆனால் போனைக் காதருகே கொண்டுபோனால் மெஷின் வீல் என்று கத்தும். அதனால் போன் பேசும்போது மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்துப் பேசுவாள். அப்படியும் பாதி வார்த்தைதான் விழும். ஆண் குரலா பெண் குரலா என்பதற்கே அவள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"குரலை எவன் நம்புவான்? முப்பத்தோரு வருஷத்துல எத்தனை குரலைக் கேட்டிருக்கேன்! அழறவன் எல்லாம் நிஜமாவா அழுதான்? நம்பர் பொய் சொல்லாதுடா" என்பாள்.

தம்பியின் நம்பரிலிருந்து போன் வந்தால் திரையில் தம்பியின் முகம் பெரிதாக வரும்படி அவர்தான் செய்து கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள்தான் கூப்பிடுவாள். பேச்சு என்று பெரிதாக எதுவும் இருக்காது. "பூட்டியாச்சா?" என்று இவர் கத்துவார். "பூட்டியாச்சு, பூட்டியாச்சு" என்பாள் அவள். அவ்வளவுதான்.

போன வருஷம் அவள் கட்டடத்தில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அடுத்த பஸ்ஸிலேயே அரைநிமிஷம் போய் இறங்கினார். கதவின் உட்புறம் கனமான இரும்புத் தகடு அடித்து, இரண்டு பக்கச் சுவரிலும் புதையும்படி ஒரு தாழ்ப்பாள் வைத்தார். வெளியில் சாவித் துவாரமே கிடையாது. உள்ளிருப்பவர் திறந்தால்தான் உண்டு. வேலை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இதை வெளியிலேருந்து நானே வந்தாலும் திறக்க முடியாதுக்கா."

அதே சூட்டில் இன்னொரு பாடமும் எடுத்தார். ஊரெல்லாம் போன் திருட்டாக இருக்கிறது, யார் யாரோ யார் பேரிலோ பேசுகிறார்கள் என்று சொல்லி, ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதியே ஒட்டினார்: என் நம்பர் இது ஒன்றுதான். வேறு நம்பரிலிருந்து தம்பி பேசுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதே. உடனே வைத்துவிடு.

அக்கா அதை மூன்று தடவை படித்துவிட்டு, "என்னை என்ன மக்குன்னு நினைச்சியா?" என்று கேட்டாள்.

இவ்வளவு காபந்துக்கும் திருட்டு பயம் தவிர இன்னொரு காரணமும் உண்டு, பணம். அக்காவின் வலது காதுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அடுத்த மாதம். அவளுடைய ஓய்வுப் பணத்தில் மிச்சம் பிடித்ததும், இவர் கதவு கதவாகத் திறந்து சேர்த்ததும் அக்காவின் கணக்கில்தான் இருந்தது. "காது வந்ததும் உன் குரலை முதல்ல கேட்கணும்டா. உன் குரல் இப்ப எப்படி இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு" என்று அவள் போனில் சொன்னபோது, அரைநிமிஷம் பட்டறைப் பிடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அந்தப் போன் வந்தது ஒரு மத்தியானம், மூன்று மணி வாக்கில். முதலில் ஒரு பெண்ணின் பதிவு செய்த குரல். உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், அதிகாரியுடன் பேச ஒன்பதை அழுத்தவும். இருபத்திரண்டு வருஷ நம்பர்!  ஒன்பதை அழுத்தினார்.

"வணக்கம் சார். போன் கம்பெனி தலைமை அலுவலகத்திலேருந்து பேசறோம்."

இவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. லாட்டரி விழுந்திருக்கிறது என்று கூப்பிட்டவர்களை எல்லாம் அரை மணி நேரம் பேசவிட்டு, கடைசியில் ஜெராக்ஸ்காரரிடம் போனைக் கொடுத்துத் திட்ட வைத்தவர். அதனால் தன்னுடைய கேள்வியையே கேட்டார்.

"கம்பெனின்னு சொல்றீங்க. என்னைப் பத்தி என்ன தெரியும்? சொல்லுங்க பார்ப்போம்."

அந்தக் குரல் அவருடைய முழுப் பெயரைச் சொன்னது. அப்பா பெயரைச் சொன்னது. வீட்டு முகவரியைச் சொன்னது. "இருபத்திரண்டு வருஷமா எங்க கஸ்டமர் சார் நீங்க. உங்களை மாதிரி ஆளை இழக்க எங்களுக்கு மனசு வரலை" என்றது. அரைநிமிஷம் உருகிப்போய்விட்டார். இந்த விவரமெல்லாம் எத்தனை ஜெராக்ஸ் காகிதத்தில் எத்தனை கடையில் கிடக்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

"உங்க சிம் பழசு சார். புதுசுக்கு மாத்தணும். கடைக்கெல்லாம் அலைய வேண்டாம். சிம்மைக் கழற்றினா பின்னாடி பொடியா ஒரு நம்பர் அச்சாயிருக்கும். இருபது இலக்கம். எழுதி வெச்சுட்டு சிம்மைத் திரும்பப் போடுங்க. அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்."

இங்கேதான் அவர் விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நொடி தயங்கியிருப்பார்கள். இவருக்கோ சந்தேகம் இருந்த இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. பூட்டு நம்பரைக் கேட்கிறான்! தொழில் தெரிந்தவன்தான் அப்படிக் கேட்பான்! இத்தனை வருஷமாகத் தினம் நான் கேட்கிற கேள்வி அல்லவா இது என்று தோன்றியது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சாவிகளில் நம்பர் படிக்கும் அதே கவனத்தோடு, சிம்மின் முதுகிலிருந்த இருபது இலக்கங்களையும் கடை ரசீதின் பின்னால் எழுதினார்.

போன் வந்ததும் இவரே கேட்டார்: "நாலு நாலா படிக்கட்டுமா?"

"அருமை சார். எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபம்!"

படித்தார். ஒரு குறுஞ்செய்தி வந்தது. சம்மதம் என்றால் ஒன்று என்று அனுப்பச் சொன்னது. அனுப்பினார். சிக்னல் கொஞ்ச நேரம் போகும், நாளைக் காலையில் வந்துவிடும், போனை அணைத்து வையுங்கள் என்றான். இவர் நன்றி வேறு சொன்னார். "கம்பெனின்னா இப்படி இருக்கணும்" என்று ஜெராக்ஸ்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு அக்காவின் போன் வரவில்லை. வராதுதானே. ஜெராக்ஸ்காரர் தன் போனை நீட்டினார். "வேண்டாம். வேற நம்பரை அவ எடுக்க மாட்டா. அவ்வளவு கண்டிப்பாச் சொல்லி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார் அரைநிமிஷம். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவர் எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று கணக்கே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கும் சிக்னல் வரவில்லை. போன் கம்பெனியின் கடைக்குப் போனார். குளிரூட்டிய அறை, டோக்கன், நாற்காலிகள். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க நம்பர் நல்லாத்தானே வேலை செய்யுது சார்? நேத்து சாயங்காலம் புது சிம்முக்கு மாத்தியிருக்கீங்க."

"நான் எங்கேம்மா மாத்தினேன்? உங்க ஆபீஸ்லேருந்துதான் பேசினாங்க. சிம்ல இருக்கிற நம்பரைக் கேட்டாங்க, படிச்சேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஐயோ சார், கம்பெனியிலேருந்து யாரும் அந்த நம்பரைக் கேட்கவே மாட்டாங்க. எங்க கம்ப்யூட்டர்லயே அது இருக்கே, உங்ககிட்ட எதுக்குக் கேட்கணும்? அது வெளியே போச்சுன்னா உங்க நம்பரே போச்சு சார்."

நம்பர் ஒருத்தன் கைக்குப் போச்சுன்னா சாவியே போன மாதிரி. அரைநிமிஷத்துக்குக் காதில் அவருடைய குரலே கேட்டது. 

"சரிம்மா, தப்புதான். இப்ப அதை நிறுத்திடு. உடனே நிறுத்து."

"நீங்கதான் சொந்தக்காரர்னு உறுதி பண்ணணும் சார். உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பறேன், அதைச் சொன்னா போதும்."

"அந்த நம்பரே திருட்டுப்போச்சுன்னுதானேம்மா சொல்றேன்!"

அவளுக்கும் அது புரிந்தது, பாவம். அடையாள அட்டையைக் கேட்டாள். நீட்டினார். கம்ப்யூட்டரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று ராத்திரியே முகவரியை மாற்றிவிட்டிருந்தார்கள். அட்டையில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை. "புகாரா எழுதிக் கொடுங்க சார், சரிபார்க்க ரெண்டு நாள் ஆகும். என் கையில எதுவும் இல்லை" என்றாள். அரைநிமிஷத்துக்கு அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. செருப்பு அலமாரி என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைக் காட்டினால் அவரும் இதைத்தானே செய்வார்?

வெளியே வந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. நேற்று ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டிருப்பாள். எவன் எடுத்திருப்பான்?

ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து, ஜெராக்ஸ்காரரின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி அக்காவின் நம்பரைப் போட்டார். நாலாவது தடவை எடுத்தாள்.

"யாரு?"

"அக்கா! நான்தான்!"

"எவன் கூப்பிட்டாலும் நான்தான்னுதான் சொல்வான். யாரு நீ?"

"உன் தம்பிக்கா! என் நம்பரைத் திருடிட்டாங்க!"

"கரகரன்னு இருக்கு, ஒண்ணும் விழலை. நம்பர் வேற யாருதோ மாதிரி இருக்கே." கொஞ்சம் இடைவெளி விட்டு அவள் குரல் உயர்ந்தது. "ஓகோ! நீதானா அது? நேத்தே என் தம்பி சொல்லிட்டான், காலையில ஒரு திருட்டுப் பய என் பேரைச் சொல்லிக்கிட்டுக் கூப்பிடுவான், ஏமாந்துடாதேன்னு. சொன்ன மாதிரியே கூப்பிட்டுட்டியே! வெட்கமா இல்லை உனக்கு?"

"அக்கா, அவன்தான் திருடன்! நான் சொல்றதை..."

"கணக்கு விவரமெல்லாம் நேத்தே கேட்டு எழுதிக்கிட்டான் என் தம்பி. இன்னிக்கு ஆறு மணிக்குக் கூப்பிடுவான். பாங்க்லேருந்து எனக்கு ஒரு நம்பர் வரும், அதை வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிப் பணத்தைப் பத்திரமான இடத்துக்கு மாத்திடறேன்னு சொல்லியிருக்கான். உன் பாச்சா எங்ககிட்ட பலிக்காது. வை போனை!"

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டார். சின்ன வயதில் அவள் சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொல்லிப் பார்த்தார், அம்மாவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். அவர் தொண்டை கிழியக் கத்தியதில் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது; கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை மணியே போகவில்லை. எழுதி ஒட்டிய பாடத்தை அக்கா எழுத்துத் தவறாமல் செய்துகொண்டிருந்தாள்.

ஜெராக்ஸ்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "போலீஸுக்குப் போலாம் அண்ணே."

போனார்கள். இது போன் குற்றம், அதற்கு வேறு ஆபீஸ், வேறு கட்டடம் என்றார்கள். வேறு கட்டடத்தில், அக்கா இருக்கிற ஊரில் அல்லவா பணம் இருக்கிறது, புகாரை அக்காதான் எழுத வேண்டும் என்றார்கள். அக்காவின் பாங்குக்குப் போன் செய்தார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்த பிறகு ஒரு குரல், "நீங்க கணக்குக்குச் சொந்தக்காரரா சார்?" என்று கேட்டது. இல்லை, தம்பி என்றார். "சொந்தக்காரர் அவங்க பதிவு பண்ணின நம்பரிலேருந்து கூப்பிட்டாத்தான் நிறுத்த முடியும் சார். பாதுகாப்புக்காக" என்றது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோர் கையிலும் ஒரு பூட்டு இருந்தது. அவர் கையில்தான் ஒன்றுமில்லை.

ஜெராக்ஸ்காரரின் போனையே கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் பன்னிரண்டே கால் பஸ்ஸில் ஏறினார். சரியாக ஓடினால் ஐந்தேகாலுக்குப் போய்விடும். முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டார். மூன்று மணிக்கு ரோடு வேலை நடக்கிற இடத்தில் பஸ் நின்றது. ஒரு பக்க வண்டிகளை விட்டுவிட்டு, மறுபக்க வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அரைநிமிஷம் இறங்கிப் போய்க் கொடி பிடித்திருந்தவனிடம் கெஞ்சினார். "எல்லாருக்கும்தான் அவசரம். போய் உட்காருங்க" என்றான் அவன்.

உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. தன்னுடைய நம்பரையே போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நம்பரை அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வணக்கம். பூட்டு வேலையா சார்?"

 "தம்பி, நான்தான் அந்த நம்பர்க்காரன்" என்றார். "என் கணக்குல இருந்ததை எடுத்துக்கிட்டிருப்பே. எடுத்துக்கோ, நான் கேட்கலை. எங்க அக்காவை விட்டுடுப்பா. அது காது ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம். அவளுக்குக் காது கேட்காதுன்னு உனக்குத் தெரியும்ல? பேசினேல்ல அவகிட்ட?"

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பின்னணியில் வேறு யார் யாரோ போன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லப்போகிறான் என்றுதான் இவர் நினைத்தார்.

"ராங் நம்பர் சார்" என்றான். வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டும் எடுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, "என்னங்க, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார். வேறு என்னத்தைச் சொல்வார்? தன் வாயாலேயே, நாலு நாலாக, ராகம் போட்டுப் படித்துக் கொடுத்தேன் என்று சொல்வாரா?

பஸ் ஊருக்குள் நுழையும்போது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. முழுதாக நிற்பதற்குள் குதித்தார். ஐம்பத்தெட்டு வயது. அரம் பிடித்த கைக்குப் பலம் உண்டு, காலுக்கு அவ்வளவு கிடையாது. பஸ் நிலையத்திலிருந்து அக்காவின் தெருவரை ஓடினார். வழியில் இரண்டு தடவை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்க வாங்கப் படியேறி இரண்டாவது மாடிக்கு வந்தபோது கையிலிருந்த போனில் ஆறு மணி மூன்று நிமிஷம்.

கதவுக்கு உள்ளே அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. காது கேட்காதவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள்.

"வந்துடுச்சுடா, பாங்க் நம்பர் வந்துடுச்சு. இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்."

"அக்கா!" இரண்டு கையாலும் கதவைக் குத்தினார். "சொல்லாதே! அக்கா, சொல்லாதே!"

உள்ளே இருந்தது அவர் அடித்த இரும்புத் தகடு. குத்தியதையெல்லாம் அது வாங்கிக்கொண்டது. பழக்க தோஷத்தில் கை தானாகச் சாவித் துவாரத்தைத் தேடியது. துவாரம் ஏது? வழவழவென்று மரம்தான் இருந்தது. தோளால் இடித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த கம்பியைக் கதவிடுக்கில் விட்டுப் பார்த்தார். சுவருக்குள் நாலு அங்குலம் புதையும்படி வைத்தது யார்? அவர்தான்.

"தம்பி, நீ சொன்ன மாதிரியே எவனோ வந்து கதவை இடிக்கிறான்டா. தரையெல்லாம் அதிருது." அக்காவின் குரலில் கொஞ்சம் நடுக்கம். "ஆமாம்... ஆமாம்... நான் எதுக்குத் திறக்கறேன்? உன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தா திறந்துடுவேனா?"

எதிர் வீட்டுக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. புதிதாகக் குடிவந்தவர் போலிருக்கிறது. இவரை அவருக்குத் தெரியவில்லை. "யாருங்க நீங்க? அந்தம்மா காலையிலேயே சொன்னாங்க, யாரோ வந்து கலாட்டா பண்ணுவாங்கன்னு. போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க சார்! தயவு பண்ணிக் கூப்பிடுங்க!" என்றார் அரைநிமிஷம். எதிர் வீட்டுக்காரர் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எழுதிக்கோடா" என்றாள் அக்கா உள்ளே. குரல் மாறியிருந்தது. நடுக்கம் போய், நிதானமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் இடம்விட்டு, எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் படித்த அந்தக் குரல் வந்தது. "மூணு. எட்டு. ஜீரோ."

"அக்கா, அரை நிமிஷம்! அரை நிமிஷம் பொறு!"

"அஞ்சு. அஞ்சு. ரெண்டு."

அரைநிமிஷத்தின் கை கதவிலேயே நின்றது.

"திருப்பிச் சொல்றேன், சரிபார்த்துக்கோ" என்றாள். எந்த நம்பரையும் இரண்டு முறை படிக்காமல் அவள் விட்டதே இல்லை. மறுபடியும் ஆறு எண்களையும் படித்தாள். இவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.  அப்படியே சரிந்து வாசற்படியில் உட்கார்ந்தார். கண் எதிரே, நிலைக்கதவின் மூலையில், அவர் கையாலேயே ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது.

 பிறகு அக்கா சிரிப்பது கேட்டது.

"ஆச்சா? எல்லாம் போயிடுச்சா? நல்லவேளை. சரிடா, ஒண்ணைக் கேட்கவே மறந்துட்டியே இன்னிக்கு?" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அவளே பதிலும் சொன்னாள். "பூட்டியாச்சுடா, பூட்டியாச்சு. நீ போட்ட தாழ்ப்பாள்தானே? யாராலும் உள்ளே வர முடியாது. நீ நிம்மதியா இரு."